சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

மார்ச் 3

அன்பு மனைவிக்கு,

மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன இடத்தில் நீ உன் உடம்பையும் பார்த்துக்கொள். பேரனுக்கு முத்தம்.

என் வயிறுதான் சோம்பேறி. காலையில் சாப்பிட்டது சாயங்காலமும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை போட்டும் பலனில்லை. மருந்துக்கடை அம்மாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். “வயிறே நகரலன்னா மாத்திரை மட்டும் எப்படிங்க நகரும்? அதுவும் சோத்தோட சோறா அங்கேயேதான் கெடக்கும்” என்றார். டாக்டரும் அதையே சொல்லி, மாத்திரைக்குப் பதிலாக, சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க சிரப் எழுதிக்கொடுத்தார். அந்த அம்மா அளவு மூடியில் பேனாவால் கோடு போட்டுத் தந்தார். நல்ல மனுஷி.

உன் தையல்காரன்

மார்ச் 11

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பேரன் நலம். உங்கள் கடிதம் முழுக்க அந்த அம்மாதான். சிரித்தாராம், கோடு போட்டாராம். அவள் கோடு போட்டால் நீங்கள் ரோடே போட்டுவிடுவீர்களே! எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்? கல்யாணமான நாளிலிருந்து எந்த மாத்திரையானாலும் சாப்பிட்டதும் எடுத்து உங்கள் கையில் வைத்தது நான். இப்போது வெறும் வயிற்றில் மருந்தா? நான் பக்கத்தில் இல்லை என்றதும் என் பேச்சு செல்லாக்காசாகிவிட்டதா?

சாப்பிட்ட பின் மாத்திரை. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 24

அன்பு மனைவிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, திட்டாதே. இன்னும் கை நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

உன் மனமும் நோகக் கூடாது, வயிறும் நகர வேண்டும் என்று முன்னால் சிரப், பின்னால் மாத்திரை என இரண்டையும் எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மருந்து என்று எனக்கு உறைக்கவில்லை. உள்ளே தேங்கிக் கிடந்த மாத்திரையெல்லாம் ஒரேயடியாக இறங்கியிருக்கும் போல. தாடை இழுத்துக்கொண்டது, கழுத்து திரும்பவில்லை. அந்த அம்மாதான் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டதும் தாடையும் கழுத்தும் சரியாகிவிட்டன. இப்போது வேறு மருந்து, அதுவும் சிரப்தான்.

“யாருங்க ரெண்டையும் சேத்து எடுக்கச் சொன்னது?” என்று அந்த அம்மா கேட்டார். மறதியில் எடுத்துவிட்டேன் என்றேன். உன்னைச் சொல்லவில்லை.

உன் தையல்காரன்

மார்ச் 31

என்னங்க,

நான் அழுததைப் பார்த்து மகள் பயந்துவிட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியை நீங்களே ஏற்றுக்கொண்டீர்களே, அதுதான் தாங்கவில்லை. என் வீட்டுக்காரிதான் மாத்திரை போடச் சொன்னாள் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

டிக்கெட் கிடைத்ததும் வந்துவிடுகிறேன். அதுவரை என் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த அம்மா சொல்வதை மட்டும் கேளுங்கள். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும். உங்களுக்குச் செரித்தால் போதும்.

உங்கள் வீட்டுக்காரி