ஜெனீவாவில் மைதிலி, கோழிப்பண்ணையில் நான்

ஏப்ரல் 7, திங்கள்
மைதிலி ஜெனீவா போய் இருபத்திரண்டு நாள். அடுத்த பெருந்தொற்று வந்தால் யார் எதைச் சொல்ல வேண்டும் என்று நாடுகள் கூடிப் பேசுகின்றன. நம் நாட்டுக் குழுவில் என் வீட்டுக்காரிதான் பொதுச் சுகாதார டாக்டர். "நோயை முதல்ல சொல்ற நாட்டைத் தண்டிக்கக்கூடாதுன்னு ஒரே ஒரு வரி. மூணு நாளா மல்லுக்கட்டுறோமுங்க" என்றாள் போனில். அடுத்த வாரம் வெள்ளி வந்துவிடுவாளாம்.
ரசத்தில் உப்பு கூடிவிட்டது. திட்ட ஆளில்லை.

ஏப்ரல் 9
மல்லசமுத்திரம் பக்கம், தீனதயாளன் பண்ணையில் ஒரே நாளில் நானூறு கோழி செத்திருக்கிறது. கால்நடை டாக்டர் நான்தானே, போய் சாம்பிள் எடுத்தேன். தீனதயாளன் கையைப் பிடித்துக்கொண்டார். "வெயில்ல செத்துதுன்னு எழுதிப்போடுங்க டாக்டர். அரபு நாட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா நாமக்கல் முட்டை ஒண்ணுகூடக் கப்பல் ஏறாதுங்க."
அவர் பயம் நியாயம்தான். சாம்பிள் வைத்த ஐஸ் பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 14, சித்திரை ஒன்று
பறவைக் காய்ச்சல்தான். மாவட்டத்து முட்டை மொத்தத்தையும் வாங்குவதை அந்த அரபு நாடு நிறுத்திவிட்டது.
மைதிலி கூப்பிட்டாள். "அந்த நாட்டு ஆளுங்க இங்கதான் இருக்காங்க. பண்ணையைச் சுத்திப் பத்து கிலோமீட்டர் முட்டையை மட்டும் நிறுத்துங்கன்னு பேசோணும். நாலு நாள் சேர்த்து இருக்கட்டுங்களா?"
இருந்து முடிச்சுட்டு வா என்றேன். என்னத்துக்கு அப்படிச் சொன்னேன்? வந்துரு புள்ளன்னு சொல்ல வாய் வரலையே. நான் அனுப்பிய பெட்டிதான் அவளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

ஏப்ரல் 17
கோழிகளை அழித்துப் புதைத்தோம். தீனதயாளன் என் பக்கம் திரும்பவேயில்லை. அழிப்பில் நின்றவர்கள் பத்து நாள் தனியாக இருக்க வேண்டும். எனக்கு எங்கள் வீட்டு மாடி அறை.

ஏப்ரல் 21
ஒத்துக்கொண்டார்களாம். பத்து கிலோமீட்டர் மட்டும். நாளை விமானம் ஏறுகிறாள்.
தனியறை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், கிட்டப் போக முடியாதே என்று அங்கேயே நின்றுவிடுவாளோ? ஊருக்கு உபதேசம், நமக்கு இல்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 23
காலையிலிருந்து தொண்டை கரகரப்பு.
பத்து மணிக்கு வந்தாள். பெட்டியைக் கீழேயே போட்டுவிட்டுப் படியேறும் சத்தம். தாழ்ப்பாள் மேல் கை வைத்தேன், உண்மை. திறக்காமல் கையை எடுத்துவிட்டேன்.
"கிட்ட வராதே. கோழி அழிச்ச ஆளு நான். தொண்டை வேற சரியில்ல."
"எத்தனை நாளாங்க?"
"இன்னைக்குத்தான்."
கதவுக்கு வெளியே நின்றபடியே போன் போட்டு, சாம்பிள் எடுக்க ஆளை வரச் சொன்னாள். என் பேர், வயது, எந்தப் பண்ணை, எல்லாம் தெளிவாகச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள்.