அக்சலோட்டலுக்கு விட்ட ஃபான்

அன்பு மகளுக்கு,

நீ தொட்டியோடு விட்டுப்போன நாலுகால் நீர்ப்பிராணி, அந்த அக்சலோட்டல், உயிரோடு இருக்கிறது. சூடு ஆகாது என்றாயே, வீட்டிலுள்ள ஒரே ஃபானைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு நான் வேர்க்கிறேன். சோடாப் போத்தல்களில் தண்ணீரை உறையவைத்து மாறிமாறி மிதக்க விடுகிறேன். பிரிட்ஜில் கறிமீன் வைக்க இடமில்லை என்று அம்மா முறைக்கிறா. அது அசையாவிட்டால் எழும்பிப் பார்க்கிறேன். அசைந்தாலும் பார்க்கிறேன்.

சத்தமும் ஆகாதாமே. கோயில் ஒலிபெருக்கியை மற்றப் பக்கம் திருப்பக் கேட்டேன்.

“உங்கட தண்ணிப் பல்லி நித்திரை கொள்ள அம்மாளாச்சி பாட்டுக் கேக்காமல் இருக்கோணுமோ, அண்ணை?” என்றார் பக்கத்து வீட்டுத் தம்பிஐயா. கோயில்காரர் திருப்பினார்கள். இப்போது அது அவர் வீட்டைப் பார்த்துப் பாடுகிறது.

நீ கோபித்துப் போய்ப் பதிவுக் கலியாணம் செய்ததைப் பற்றி எழுத வரவில்லை. தொட்டி பாரம். தண்ணீர் மாற்ற எனக்குத் தனியே ஏலாது. மருமகனையும் கூட்டிக்கொண்டு வா.

வேர்த்தபடி,
அப்பா