ஆறு முதல் பத்து வரை வெளிச்சம்

ஜனவரி 7, செவ்வாய்

இன்று வீட்டுக்குப் பின்னால் ஒரு கிழங்கு நட்டேன். விரல் நீளத்துக்கு ஒரு வேர்த்துண்டு, காய்ந்த இஞ்சி மாதிரி இருந்தது. ஜோபி கொடுத்தது. அவருடைய ஹோம்ஸ்டேயில்தான் நான் தோட்ட வேலை பார்க்கிறேன். இமாச்சலில் இருக்கும் அவருடைய சிநேகிதர் தபாலில் ஆறு துண்டு அனுப்பியிருந்தார். ஐந்து ஹோம்ஸ்டேயிலேயே அழுகிவிட்டன.

“மணியண்ணா, ஆறாமத்தது நிங்க வீட்டுல வெச்சு நோக்குங்க. அங்க நல்ல வெயிலு உண்டல்லோ.”

செடிக்கு ஹாப்ஸ் என்று பெயராம். கொடியைப் பூவோடு சாப்பாட்டு ஹாலில் தொங்கவிட்டால் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்களாம். ‘ஹா’ போன வாரம்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. ஹா ஹா ஹா. எழுதிப் பார்த்தால் சிரிப்பது போலவே இருக்கிறது. நானும் சிரித்தேன். இதை எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஜனவரி 9

கிழங்கோடு இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்திருந்தது. வளர்க்கிற முறை. முதியோர் கிளாஸில் முத்துப்பேச்சி டீச்சரிடம் காட்டினேன். தமிழில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்து வரி. “இதுதான் உங்களுக்கு வீட்டுப்பாடம் தாத்தா. யாரையும் கேக்காம நீங்களே வாசிக்கணும்.”

ஜனவரி 12, ஞாயிறு

மூன்று நாளாக எழுத்துக் கூட்டினேன். முடித்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் யார் உதவியும் இல்லாமல் நான் முழுவதும் படித்த முதல் காகிதம்.

மூன்றாவது வரி இது: ‘இதன் பூ பீர் என்னும் மதுவுக்குக் கசப்பும் மணமும் தருவது.’

திரும்பத் திரும்பப் படித்தேன். மாறவில்லை.

நல்லமுத்து அடுத்த மாதம் இரண்டாம் தேதி வருகிறான். என் ஒரே மகன். தொடுபுழாவில் குடியை நிறுத்துகிற சென்டரில் இருக்கிறான். மருமகள் பிள்ளையோடு போடியில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். இந்த நேரம் பார்த்து, என் வீட்டில், என் கையால் – பிடுங்கிவிடவா? ஜோபியிடம் என்ன சொல்வது?

காகிதத்தை இந்த நோட்டுக்குள் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரி அழகுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. அது இப்போதைக்கு நல்லது.

ஜனவரி 20

முளைக்கவில்லை. அழுகியிருந்தால் நல்லது என்றும் நினைக்கிறேன். அழுகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

ஜனவரி 28

மூன்று முளை! கத்தரிப்பூ நிறம். பனியில் நனைந்து நிற்கிறது. நாற்பது வருஷம் எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி பிடித்தவன் நான். தேயிலையை இடுப்புக்கு மேலே விட்டதில்லை. இது பதினைந்து அடி ஏறுமாம். ஏறட்டுமே, பார்ப்போம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். கை லேசாக நடுங்குகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து நின்றான். உட்கார்ந்தான். வாசல்வரை போனான். திரும்பி வந்தான். “எய்யா, டீ போடட்டா?” என்று அவன் அம்மா நான்கு தடவை கேட்டாள். நான்கு தடவையும் குடித்தான்.

நான் வாசலில் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு இருந்தால் வீட்டில் இருக்கிறான். இல்லையென்றால் இல்லை. எழுத்துத் தெரியாத காலத்திலும் நான் அதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிப்ரவரி 6

சில்வர் ஓக் கிளையிலிருந்து கயிறு இறக்கி, கொடியை அதில் சுற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் அவிழ்ந்து கிடக்கிறது. மறுபடி சுற்றினேன். மத்தியானம் மறுபடி அவிழ்ந்தது. இதென்ன பிடிவாதம்?

நல்லமுத்து பின்னால் வந்து நின்றான். “எப்பா, அவரக்கொடி சுத்துற மாதிரி சுத்துறீங்க. இது கடிகாரம் சுத்துற பக்கமால்ல போகுது.”

மாற்றிச் சுற்றினான். அப்படியே பிடித்துக்கொண்டது. நான்கு நாளில் அவன் பேசியதில் இதுதான் நீளம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆறாவது வரியை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியைப் படிக்கவில்லை. ‘தெற்கே மலையில் குளிர் போதும், பகல் போதாது. ஆறு மணி முதல் பத்து மணி வரை விளக்கு வெளிச்சம் கொடுக்கவும். இடையில் நிறுத்தக் கூடாது.’

பாவம், செடிக்குப் பகல் போதவில்லையாம்.

நல்லமுத்து எழுந்து போய்ப் பழைய ஒயரைத் தேடி எடுத்தான். கரண்டு போர்டில் காண்ட்ராக்ட் லைன் வேலை பார்த்தவன். குடித்துவிட்டுக் கம்பத்தில் ஏறினான் என்று நிறுத்திவிட்டார்கள். இன்று பல்பு மாட்டினான். பனி படாமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை வெட்டி மேலே கவிழ்த்தான். ஒயரை முறுக்கும்போது மட்டும் அந்தக் கை நடுங்கவில்லை.

“காத்தடிச்சா கரண்டு போயிரும்பா. சார்ஜர் லைட்ட வச்சுக்கிட்டு ஒரு ஆளு பக்கத்துலயே இருக்கணும்.”

யார் இருப்பது என்று நான் கேட்கவில்லை.

“நான் இருக்கேன்,” என்றான்.

பிப்ரவரி 20

பதினோரு நாள். ஆறு மணிக்குப் பல்பு, பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் அவன். செருப்பு வாசலில்.

மனசு பொறுக்காமல் அழகுத்தாயிடம் மூன்றாவது வரியைச் சொல்லிவிட்டேன். சாமியாடப் போகிறாள் என்று நினைத்தேன். வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

“அது எந்தச் செடியா இருந்தா நமக்கென்ன? பிராந்திக் கடைய எத்தன மணிக்கு மூடுவான்?”

“ஒன்பதுக்கு.”

“லைட்ட எத்தன மணிக்கு அமத்தணும்?”

“பத்துக்கு.”

“பெறகென்ன? அருவா கழுத்தையும் வெட்டும்தான். அதுக்காக வெறக வெட்டாமயா இருக்கோம்? நீங்க அந்தப் பேப்பரத் தூக்கிக்கிட்டு அலையாதீங்க.”

படிக்காதவள். எனக்கு ஒன்றரை மாதமாகத் தோன்றாதது இவளுக்கு ஒரு வெங்காயத்தில் தோன்றிவிட்டது.

மார்ச் 4

ஒரே நாளில் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. முழம் போட்டு அளந்தேன். ‘ழ’ நன்றாக வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன சுடலைமணி, உமக்குத்தான் சாயங்காலக் கிளாஸுன்னா செடிக்குமா?” என்றார். நல்லமுத்து சிரித்தான். சத்தமாகச் சிரித்தான்.

மார்ச் 18

கோடை மழை, காற்று. ஏழரைக்குக் கரண்டு போயிற்று. அவன் சார்ஜர் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அவனுக்குக் குடை பிடித்தேன். இரண்டு பேரும் நனைந்தோம். போன வருஷம் இப்படி ஒரு மழையில்தான் குடித்துவிட்டுக் கிடந்தவனை ரோட்டுப் பாலத்தடியிலிருந்து தூக்கி வந்தேன். அது அவனுக்கு ஞாபகம் இருக்குமா? கேட்கவில்லை. எதையும் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

“கைய பாருங்கப்பா. நடுங்கல.”

பார்த்தேன். நடுங்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொடி உச்சியைத் தொட்டுவிட்டது. சில்வர் ஓக் கிளையில் அதன் நுனி கிடந்து தேடுகிறது.

“அடுத்து என்னப்பா செய்யணும்? பேப்பர வாசிங்க.”

எடுத்தேன். எட்டாவது வரி: ‘கொடி உச்சியைத் தொட்டதும் விளக்கை நிறுத்தவும். இருட்டு நீண்டால்தான் பூக்கும்.’

ஏழாவது வரியைப் படித்தேன். ஒன்பதாவது வரியைப் படித்தேன். ‘அடியில் உள்ள பழுத்த இலைகளைக் கிள்ளவும்.’

அவன் குனிந்து இலையைக் கிள்ளினான். ஆறு மணிக்குப் பல்பைப் போட்டான்.

ஏப்ரல் 7

படிக்கக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா? வேறு என்ன செய்திருக்க முடியும்? நிறுத்தச் சொன்னால், ஆறு மணிக்கு அவன் எங்கே உட்காருவான்?

ஏப்ரல் 13, ஞாயிறு

கிளாஸில் பரீட்சை. எழுந்து நின்று ஒரு பக்கம் வாசித்தேன். “ஒரு வரி விடாம வாசிச்சுட்டீங்களே தாத்தா!” என்று டீச்சர் கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜோபி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“மணியண்ணா, பூ எவிட? கொடி மேல போயி மூணு வாரம் ஆச்சே. லைட்ட நிறுத்தலையா? பேப்பர்ல உண்டல்லோ.”

நான் பழுத்த இலை தேடிக் குனிந்தேன். அழகுத்தாய் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“உண்டு ஜோபிச் சேட்டா,” என்றான் நல்லமுத்து. “நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவர் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “எப்பா, நான் வந்த அன்னைக்கே அந்தப் பேப்பரப் பாத்துட்டேன். மூணாவது வரியும் வாசிச்சேன், எட்டாவது வரியும் வாசிச்சேன். நோட்டப் படிக்கல, பேப்பர் மட்டுந்தான்.”

“பிறகு ஏம்லே எங்கிட்ட வாசிக்கச் சொன்ன?”

“நீங்க என்ன வாசிப்பீங்கன்னு பாக்கத்தான். நீங்க அந்த வரிய விட்டீங்கள்ல... அப்பாடான்னு இருந்துச்சுப்பா.”

பல்பை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்: “எப்பவும் பல்புக்குக் கீழயே உக்காந்திருக்க முடியுமா? ஒண்ணாந்தேதி நிறுத்திப் பாக்கேன். மாசத்துல அந்த ஒரு நாளு கேரளாவுல எங்கயும் பிராந்திக் கடை கெடையாது.”

தேதியைக்கூட யோசித்து வைத்திருக்கிறான்.

மே 1, வியாழன்

ஆறு மணி. பல்பு போடவில்லை. மூன்று பேரும் உள்ளே டிவி பார்த்தோம். அழகுத்தாய் பணியாரம் சுட்டாள். செருப்பு இருந்தது. பத்து மணிக்குப் படுத்துவிட்டான். இருட்டில் போய்ச் செடியைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மே 2, வெள்ளி

6.10 – செருப்பு இருக்கிறது.

6.35 – செருப்பு இல்ல. கதவுச் சத்தமே கேக்கலியே. இங்கதான உக்காந்திருந்தேன்.

7.20 – சும்மா நடந்துட்டு வரப் போயிருப்பான். கரண்டு போர்டு குவார்ட்டர்ஸ் பக்கம் யாரையாவது பாக்கப் போயிருப்பான். போயிருக்கலாம்ல?

8.00 – நான் போய்த் தேடவா? போய் என்ன சொல்ல? இத்தன வருஷமும் போய் நின்னுருக்கேன். ஒரு தடவயாவது எஞ்சொல்லு கேட்டு வந்திருக்கானா? இப்ப பல்பப் போட்டா வந்துருவானா – பைத்தியமா எனக்கு?

‘எழுதுறத நிறுத்துங்க’ங்கா அழகுத்தாய். நிறுத்திட்டு இந்தக் கைய வச்சு என்ன செய்ய?

9.05 – கடைய மூடியிருப்பான்.

மே 3, சனி

நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோக்காரர் ரிஜின் அவனைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு காலில்தான் செருப்பு. அழகுத்தாய் சுடுதண்ணீரில் அவன் காலைக் கழுவிவிட்டாள். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதத் தெரிந்துகொண்டேன். சொல்லத்தான் இன்னும் தெரியவில்லை.

இன்று பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சாப்பிடவில்லை.

சாயங்காலம் நான் அடுப்படியில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்து தரையில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் போடவில்லை. அவளும் போடவில்லை. மணி பார்த்தேன். ஆறு.

மே 11, ஞாயிறு

இந்த வருஷம் பூ வராது என்று ஜோபியிடம் சொல்லிவிட்டேன். “போகட்டும் அண்ணா, அடுத்த வருஷம் நோக்காம்,” என்றார்.

கொடிக்கு ஏற இடம் இல்லை. நுனி அந்தரத்தில் ஆடுகிறது. நானும் நல்லமுத்துவுமாக அடுத்த மரத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டினோம். கடிகாரம் சுற்றுகிற பக்கமாக அவன் சுற்றிவிட்டான். கை நடுங்குகிறது. இரண்டு கையாலும் சுற்றினான்.

கடையில் புதுச் செருப்பு வாங்கினேன். அடியில் நம்பர் போட்டிருந்தது. நானே பார்த்து எடுத்தேன். எட்டு.

மணி ஏழு. வெளியே பல்பு எரிகிறது. செருப்பு வாசலில் இருக்கிறது.