நனைந்த ஷேடு

திருப்பூர்
ஞாயிறு, காலை

மதிப்புக்குரிய டேனியல் அண்ணனுக்கு,

செக்கிங் கிருத்திகா எழுதுவது. நலமா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. இடது கண்ணில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை என்று நம் கம்பெனிப் பழனியம்மாள் அக்கா சொன்னார். உங்கள் கூடப்பிறந்த அக்காதான் இதை வாசித்துக் காட்டுவார் என்றால், பாதியில் கிழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். என் போன் என் கூடப்பிறந்த அண்ணனிடம் இருக்கிறது.

கம்பெனி டூர் போன அந்த மலைக் கிராமம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுத வேண்டும். வேனை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர், மூங்கிலுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. "எட்டு மணி நேரம் நின்னே செக் பண்றவளுக்கு இதெல்லாம் ஒரு நடையா கண்ணு" என்று பழனியம்மாள் அக்கா சிரித்தார். அருவி கண்ணில் படும்வரை அந்தச் சத்தம் நிட்டிங் மெஷின் ஓடுவது போலவே இருந்தது.

டூருக்கென்று முதலாளி கொடுத்தது, சாயம் ஒரே ஷேடில் ஏறாமல் திரும்பிவந்த பச்சை டி-ஷர்ட். அயர்னிங்கில் ஏழு பேருக்கு டார்க் லாட். மற்ற எல்லோருக்கும் லைட் லாட். பிரித்து அடுக்கியது நான்.

அருவிக்குள் பின்னாலிருந்து ஒரு கை என் முகத்தைப் பாறையில் அழுத்தியது. இன்னொரு கை செய்ததை எழுத மாட்டேன். அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன். சட்டையின் கைமடிப்பு. தையல் சரசரவென்று பிரிந்தது. திரும்பியபோது தண்ணீருக்குள் ஒரு முதுகு மட்டும். டார்க் பச்சை.

வெளியே வந்தேன். பல்லில் ரத்தம். "எந்தச் சட்டை, அத மட்டும் சொல்லு" என்றான் தையல் லைனில் இருக்கும் என் அண்ணன் சிவபிரகாஷ். டார்க் லாட் என்றேன். மடிப்பு பிரிந்ததைச் சொல்லவில்லை.

அயர்னிங் ஆட்களில் அருவிவரை ஏறியவர் நீங்கள் ஒருவர்தான். நனைந்த சட்டையோடு பாறையில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையை எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

முதல் அடி சூப்பர்வைசர் பிரபாகருடையது. அவர் அடித்ததும் தையல் லைனே சேர்ந்து அடித்தது. என் அண்ணன் கையில் கல். "நான் இல்லீங்க, அந்தப் பக்கமே வரலீங்க" என்றீர்கள். அடிக்கிறவர்களுக்கும் 'ங்க' போட்டீர்கள். கண்ணில் கல் விழுந்த பிறகு அதுவும் இல்லை. முழங்கை உடைந்த சத்தம் அருவியைத் தாண்டிக் கேட்டது.

முகத்தை மறைக்கக் கைகளைத் தூக்கினீர்கள். இரண்டு மடிப்பும் பிரியாமல் இருந்தன. அடி நின்ற பிறகு பார்த்தேன் என்று எழுத ஆசை. அப்போதே பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

ஊர்க்காரர்கள்தான் மூங்கிலில் கம்பளி கட்டி உங்களைக் கீழே இறக்கினார்கள். நம் கம்பெனியில் ஒருவரும் தோள் கொடுக்கவில்லை. அடிவாரத்து போலீஸ் ஸ்டேஷனில் எழுதி நீட்டிய புகாரில் கையெழுத்துப் போட்டேன். அதில் உங்கள் பெயர்.

திரும்பும் வழியில் காற்றில் சட்டைகள் காய்ந்தன. நனைந்து டார்க்காகத் தெரிந்த சட்டைகள் என் கண்ணெதிரே லைட் லாட்டாக மாறின. துணி காய்ந்த பிறகுதான் ஷேடு பார்க்க வேண்டும். ஆறு வருடமாகப் புதிய பெண்களுக்கு நான் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது இது.

முன் சீட்டில் பிரபாகர் எல்லோருக்கும் முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய இடது கைமடிப்பு பிரிந்து தொங்கியது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவன் எழுந்து கதவைச் சாத்தினான். பிறகு, "நீ மாத்திச் சொன்னா உள்ள போறது அவன் மட்டும் இல்ல. நானுந்தான்" என்றான். போனை வாங்கிக்கொண்டான். மறுநாள் கம்பெனியில் ஒரு பச்சைச் சட்டையின் கையை பேட்லாக் மெஷினில் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தான். யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவனும் நிமிரவில்லை.

நாளை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். கல் யார் கையில் இருந்தது என்பதையும் சொல்வேன். பழனியம்மாள் அக்கா கூட வருகிறார். இந்தக் கடிதத்தையும் அவரே உங்கள் ஊர் மூலனூருக்குக் கொண்டுவருவார்.

மன்னிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த உங்கள் சட்டையை மட்டும் துவைக்காமல் வைத்திருங்கள். அதில் முதல் தையல் அப்படியே இருக்கிறது. மறுபடி தைத்த சட்டையில் பழைய ஊசித் துளைகள் போகாது. இந்த முறை காய்ந்த துணியைப் பார்த்துச் சொல்வேன்.

வலது கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அண்ணா. கோர்ட்டில் நான் உண்மையைச் சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும்.

கிருத்திகா