கங்காணி கூப்பிடும் பெயர்கள்

கேமரன் மலை

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் லூயிஸ் தாத்தா, இந்தத் தேயிலைத் தோட்டத்தின் பழைய கங்காணி. இப்போது மறதி. கீழே விழுந்ததிலிருந்து நடக்கவே பயந்தார். நேற்றுக் காலை, "பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்பிடணும், ஆளுங்க காத்திருக்காங்க லா" என்றேன். உடனே வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டார்! தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டி நடந்தபடியே அந்தக் காலத்து ஆட்களைக் கூப்பிட்டார்.

"ருக்குமணி!"

"இருக்கேன் கங்காணி."

"காளிமுத்து!"

அதற்கும் நான்தான் குரல் கொடுத்தேன். சிரிப்பாக வந்தது.

என் பெயர் மட்டும் அவர் மனதில் நிற்பதில்லை.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "குமுதா" என்று ஒருதரம் கூப்பிட்டுக் குரல் பதிவும் அனுப்புங்கள், அம்மா.

அதோ, ருக்குமணியைக் கூப்பிடுகிறார். போகிறேன்.

உங்கள் மகள்,
குமுதா