வலது பக்க நாற்காலி

பிப்ரவரி 3, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினேன். மூக்குக்கண்ணாடி விற்று வயிறு வளர்க்கிறவளுக்கு, ஊரில் எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரிவது நல்ல செய்தியே இல்லை.

மதியம் தங்கை போன் செய்தாள். இந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லையாம். “போன தடவை கரண்டி எங்க இருக்குன்னு உன்கிட்ட கேட்டேன்க்கா. நம்ம வீட்டுலயே நான் விருந்தாளி ஆயிட்டேன். அப்பாவும் போனை வாங்கினதுமே ‘நல்லா இருக்கேன், அக்காகிட்ட குடுக்கறேன்’னு தள்ளிவிடறார். என்மேல அவருக்கு என்ன கோபம்?”

கோபமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. முப்பது வருடம் லேத் பட்டறையில் நின்றதில் அப்பாவின் வலது காது போயேபோய்விட்டது. இடது காதில் பாதிதான் மிச்சம். அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறுத்திப் பேசினால் புரியும். போனில் வெறும் இரைச்சல். ஆனால் அவளிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். “தூரத்துல இருக்கிற பிள்ளை, கவலைப்படும்.”

கடைக்கு ஆள் வந்துவிட்டதாகப் புளுகிப் போனை வைத்தேன்.

பிப்ரவரி 5

தங்கை எனக்கொரு வேலை வைத்திருக்கிறாள். தினம் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். பிறந்தநாள், கல்யாணம் எதுவும் வேண்டாம். “யாரையும் நிக்க வைக்காதே, எதையும் ஒழுங்கு பண்ணாதே. நான் இல்லாதப்போ வீடு எப்படி இருக்கோ, அப்படியே எடு.”

வீடு எப்படி இருக்கிறதென்று தெரியாமல் கேட்கிறாள், பாவம்.

பிப்ரவரி 6

முதல் படம்: வாசலில் செருப்புகள். உடனே பதில் வந்தது. “நாலு ஜோடியும் இவ்வளவு அழகா கலைஞ்சு கிடக்காது. பரப்பி வெச்சுதானே எடுத்தே?”

கால் மணி நேரம் மெனக்கெட்டுப் பரப்பியிருந்தேன்.

பிப்ரவரி 9

அப்பாவைப் படம் எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. போனைத் தூக்கினாலே கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

“அடையாள அட்டைக்கா மாமா?” என்றார் என் வீட்டுக்காரர். நல்லவேளை, வலது பக்கத்திலிருந்து கேட்டார்.

பிப்ரவரி 17

சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, காய் நறுக்குவது போல நடித்தேன். பலித்தது! அப்பா செய்தித்தாளில் மூழ்கியிருக்கிறார். என் மகள் — எங்களுக்கு அவள் வாலு — அவர் இடது தோளில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். வலது பக்க நாற்காலியில் மடிக்காத துணி மலை போல.

தங்கை எழுதினாள்: “அந்தத் துணியை என்னைக்குத்தான் மடிப்பே?”

பிப்ரவரி 20

இன்று சமையலறை. இரண்டாவது இழுப்பறை திறந்தபடி, கரண்டிகளோடு.

பிப்ரவரி 24

வாலு முன்கதவைத் தூக்கித் தள்ளுகிறாள். மழையில் ஊதிப்போனதிலிருந்து தூக்கினால்தான் திறக்கிறது.

மார்ச் 2

மூன்று நாளாகத் தங்கையிடமிருந்து பதிலே இல்லை. சொல்லிடட்டுமாப்பான்னு அப்பாகிட்ட கெஞ்சினேன். சொன்னா சாப்பிடமாட்டாராம். சின்னப் பிள்ளை மாதிரி அடம். அங்க ஒருத்தி அப்பாவுக்கு நம்மளைப் பிடிக்கலைன்னு நினைச்சு வேகறா. இங்க இவர் போனைக் கண்டாலே பயப்படறார். நடுவுல நான் ஏன் கிடந்து அல்லாடணும்? குளியலறையில் போய் அழுதேன்.

ஆனாலும் படம் அனுப்பினேன். சாப்பாட்டு மேசை. நாங்கள் மூவரும் அப்பாவின் ஒரே பக்கம் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வலது பக்க நாற்காலியில் துணி.

மார்ச் 4

பதில் வந்துவிட்டது. “சனிக்கிழமை வரேன்.” ஏன் திடீரென்று என்றால் வாயே திறக்க மாட்டேனென்கிறாள்.

மார்ச் 7, சனி

மணி அடிக்கவில்லை. கதவு தூக்கப்படும் சத்தம் கேட்டது, தங்கை உள்ளே நின்றாள். பெட்டியை வைத்தாள். நேரே சமையலறைக்குப் போய் இரண்டாவது இழுப்பறையிலிருந்து கரண்டி எடுத்துத் தன் தேநீரைத் தானே கலக்கிக்கொண்டாள்.

அப்பா அவளைப் பார்த்ததும் கழுத்துப் பொத்தானைப் போட்டார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு போய், வாலுவை நகர்த்திவிட்டு, இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: “அப்பா. உங்களுக்கு. என்மேல. கோபம்னு. நினைச்சிட்டேன்.”

அப்பா என்னை முறைத்தார். நான் சொல்லலைப்பா என்று கையை விரித்தேன்.

“அவ சொல்லலைப்பா. நீங்க இருக்கிற எந்தப் படத்துலயும் உங்க வலது பக்கம் யாருமே இல்லை. துணிதான் உக்காந்திருக்கு.”

“அந்தத் துணியை மடின்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்” என்றார் அப்பா. சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதோடு துணியையும் மடித்தேன்.

மார்ச் 10

காது மெஷின் வாங்கத் தங்கையோடு கிளம்பிவிட்டார். இரண்டு வருடமாக நான் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியதற்கு அசையாத மனிதர்! பொறாமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

தங்கை ஊருக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. காலையில் அப்பாவுக்குப் போன் வந்தது. இருபது நிமிடமாகியும் பேச்சு ஓயவில்லை. வழக்கம்போல வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். “இருடி, நாங்க இன்னும் பேசி முடிக்கலை” என்று விரட்டிவிட்டார்.

எதிரே நின்றே படம் எடுத்தேன். கழுத்துப் பொத்தான் திறந்தபடியே இருந்தது.