கிணற்றடி மரம் விழுந்த சேதி

1944 ஜூலை 3, திங்கள். சித்தூர்.

காலையிலிருந்து தூறல். எழுத்தெல்லாம் கோணல்; இந்த நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும். அறுபத்திரண்டு வயதில் எழுதப் பழகிய கை. ஒரு வரிக்குக் கால் மணி நேரம். ஆனாலும் என் வரி. ‘ஞ’ இன்று இரண்டு முறை நன்றாக வந்தது.

மாந்தோப்பில் கடைசி நீலம் காய் பறித்தாயிற்று. வாசல் மரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. வீட்டுக்காரி விடவில்லை.

மகன் சாமுவேலிடமிருந்து கடிதம் இல்லை. ஏழு வாரம். பர்மா பக்கம், பட்டாளத்தில், கம்பியில்லாத் தந்தி வேலை. எதிரியின் ரகசியச் சேதிகளுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது என்று என் யூகம். கேட்கக் கூடாது.

ஜூலை 5, புதன்.

வெயில். கடிதம் வந்தது. நானே படித்தேன். இரண்டு இடத்தில் பிளேடால் வெட்டியிருந்தார்கள்.

“நைனா, கிணற்றடி மரம் விழுந்தது தெரிந்தது. இனி ஊருக்கு வந்து யாரைப் பார்ப்பேன்? முன்னால் சண்டைக்குப் போகும் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் புறப்பாடு.”

மூன்றாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது.

அவன் போகும்போது பேசி வைத்தது: அங்கே ஆபீசர் படிப்பார், இங்கே நமக்கு எழுதித் தருகிறவர் படிப்பார். அதனால் வீட்டுச் சேதி எல்லாம் மரத்தின் பேரில். வாசல் மரம் அவன். கிணற்றடி மரம் அவன் அம்மா. நானே எழுதப் பழகியதும் அந்தப் பேச்சை மறந்துபோனேன். முதல் கடிதம் என்ற சந்தோஷத்தில், காற்றில் விழுந்த மரத்தை விழுந்த மரமாகவே எழுதிவிட்டேன்.

எதிரியின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறவன் அப்பனிடம் ஏமாந்தான்.

அவளிடம் சொன்னேன். “அடுப்பூதிக்கினு இருக்கிறவளை சாவடிச்சிட்டியே. படிச்சு இன்னாத்த கிழிச்ச?” பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “புள்ள தனியா அழுதுக்கினு இருப்பான்யா.”

ஜூலை 6, வியாழன்.

தபாலாபீஸ். தந்தி அந்த இடத்துக்குப் போகாதாம். “லெட்டர் போடுங்க பெரியவரே. கோடு, குறி ஒண்ணும் வேணாம், வெட்டிடுவாங்க.”

மரம் நிஜமாகவே மரம்தான், அம்மா சுகம் என்று எழுதினேன். நம்புவானா? ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பான்.

அவள்தான் கட்டைவிரலை நீட்டினாள். மாங்காய் நறுக்கும்போது அருவாமனை கிழித்த தழும்பு குறுக்கே ஓடும் விரல். பட்டாளத்துக் காகிதத்தில் அந்த விரலைப் பிடித்து அழுத்தியவன் சாமுவேல்தான்; தழும்பைப் பார்த்தால் தெரிந்துகொள்வான். விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்தேன். கைநாட்டுக்குக் கீழே தேதி போட்டேன்.

வெட்டுவார்களா? அந்த ஆபீசருக்கும் அம்மா இருப்பாள்.

ஜூலை 8, சனி.

மழை. தபால் மூட்டை, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் திருப்பதி பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். பதினைந்து நாளாவது ஆகுமாம். மாதக் கடைசிக்குள் சேர வேண்டும்.

அவள் விரலில் கரி அப்படியே. சோப்பு கொடுத்தேன். “அவன் கைக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் கழுவறேன்.”

மை குறைவு. மாதக் கடைசியில் அந்த விரல் எப்படி இருக்கிறது என்று எழுத, பாதிப் பக்கம் விட்டுவைக்கிறேன்.